கவுண்ட் எவ்வளவு? ரத்தச் சீட்டும் வெள்ளை அணுவும்

தென்மேற்குச் சாரல் இறங்கிவிட்டால், தமிழக-கேரள எல்லையில் இருக்கும் கம்பம், கூடலூர், குமுளி லேப் வாசல்களில் ஒரே கேள்விதான்: "கவுண்ட் எவ்வளவு?" ஒருவர் "நாலாயிரந்தாங்க இருக்கு" என்பார். பக்கத்தில் நிற்பவர், "எங்க மச்சானுக்கு நாப்பதாயிரம் இருந்ததுக்கே தேனிக்குத் தூக்கிட்டுப் போகச் சொன்னாங்க" என்று அவர் வயிற்றில் புளியைக் கரைப்பார். முதலாமவர் சொன்னது வெள்ளை அணுக் கணக்கு. இரண்டாமவர் சொன்னது தட்டணு, அதாவது பிளேட்லெட் கணக்கு. வெள்ளை அணு 4,000 என்பது இயல்பின் கீழ் எல்லை. தட்டணு 40,000 என்பதோ டாக்டர் பார்வையில் இருக்க வேண்டிய நிலை. ஒரே சொல்லில் இரண்டையும் பேசுவதால் வரும் குழப்பம் இது.

இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. வெள்ளை அணு கூடினால் உடம்பில் தெம்பு கூடுகிறது, குறைந்தால் எதிர்ப்பு சக்தி போய்விட்டது என்ற நம்பிக்கை. அந்த எண்ணுக்கும் உடம்பின் காவலுக்கும் அவ்வளவு நேரடித் தொடர்பு கிடையாது.

சீட்டில் இருக்கும் மூன்று கணக்கு

ரத்தத்தில் மிதக்கும் அணுக்கள் மூன்று வகை. ஆக்சிஜனைச் சுமப்பது சிவப்பணு. ரத்தம் உறைய உதவுவது தட்டணு, லேப்காரர்கள் பிளேட்லெட் என்பது இதைத்தான். தொற்றை எதிர்கொள்வது வெள்ளை அணு. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில், அதாவது ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கில், பெரியவர்களுக்குச் சிவப்பணு ஏறக்குறைய 45 முதல் 50 லட்சம், தட்டணு 1.5 முதல் 4.5 லட்சம், வெள்ளை அணு 4,000 முதல் 11,000 வரை இருக்கும்.

கூட்டத்தில் வெள்ளை அணு சிறுபான்மைதான். ஆனாலும் ஒரு சொட்டு ரத்தத்தில் இரண்டு லட்சத்துக்குக் குறையாமல் இருக்கும்.

சில லேப் 6,400 என்று அச்சடிக்கும். சில லேப் 6.4 என்று போட்டு, பக்கத்தில் பத்தின் அடுக்கைக் குறிக்கும். இரண்டும் ஒன்றுதான். கட்டப்பனையில் எடுத்த சீட்டையும் கம்பத்தில் எடுத்த சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்கள் முதலில் அந்த அலகைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ரோட்டில் நின்று எண்ணினால்

விடிகாலையில் கம்பமெட்டு ரோட்டு வளைவில் நின்று, ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்புகளில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணுவதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கிடைப்பது அந்த நேரத்தில் ரோட்டில் இருந்தவர்களின் கணக்கு மட்டும். ஏற்கெனவே தோட்டத்தில் இறங்கி வேலை பார்ப்பவர்கள் அதில் இல்லை. வீட்டில் இருப்பவர்களும் இல்லை. இன்று ஜீப்பில் ஆள் குறைவு என்றால் எல்லாரும் முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டார்களா, இல்லை ஊரிலிருந்தே ஆள் கிளம்பவில்லையா என்பது ரோட்டில் நிற்பவருக்குத் தெரியாது. கூடுதல் என்றாலும் அவர்கள் வேலைக்குப் போகிறார்களா, திருவிழாவுக்குப் போகிறார்களா என்று தெரியாது.

ரத்தம் அந்த ரோடு. வெள்ளை அணுக்கள் பிறக்கும் ஊர், எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை. வேலை நடக்கும் தோட்டம், தோல், நுரையீரல், குடல் போன்ற திசுக்கள். லேப்பில் ஊசி குத்தி எடுப்பது ரோட்டில் இருந்த கூட்டத்தின் ஒரு துளி. அந்தக் கூட்டத்திலும் ஏறக்குறைய பாதி அணுக்கள் ரத்தக்குழாய்ச் சுவரை ஒட்டிக்கொண்டு நிற்பதால் ஊசியில் வருவதே இல்லை. மேட்டில் ஏறி மூச்சிரைக்க வந்து உட்கார்ந்தவுடன் ரத்தம் எடுத்தால், ஒட்டி நின்றவை கழன்று ஓட்டத்தில் கலந்து, தொற்று எதுவும் இல்லாமலே எண்ணிக்கை கூடியிருக்கும். பயம், வலி, வலிப்பு இவற்றாலும் இப்படி நடக்கும்.

இதுவரை பார்த்ததில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்: வெள்ளை அணு ரத்தத்தில் பயணம் செய்கிறது, ரத்தத்துக்கு வெளியே வேலை செய்கிறது.

முள் குத்திய இடத்தில்

உண்ணிச்செடி முள் கெண்டைக்காலில் ஏறி முனை உள்ளே ஒடிந்துவிட்டது. முள்ளோடு மண்ணும், மண்ணோடு பாக்டீரியாவும் உள்ளே போயிருக்கும்.

அங்கே முதலில் வேலையைத் தொடங்குவது ரத்தத்தில் வரும் அணு அல்ல. தோலுக்கு அடியிலேயே நிரந்தரமாகக் குடியிருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற பெரிய விழுங்கும் அணுவும், மாஸ்ட் அணு என்ற இன்னொன்றும்தான். பாக்டீரியாவின் மேலுறையில் நம் உடம்பில் எங்குமே இல்லாத சில பொருள்கள் உண்டு. மேக்ரோஃபேஜின் மேல் அவற்றைத் தொட்டறியும் புரதங்கள் இருக்கின்றன. தொட்டதும் அது வேதிப்பொருள்களைச் சுரக்கும். மாஸ்ட் அணு ஹிஸ்டமினைக் கொட்டும். அக்கம்பக்கத்து ரத்தக்குழாய்கள் விரியும், சுவரில் இடைவெளி விழும், நீர் கசியும். அந்த இடம் சிவந்து, சுட்டு, வீங்கி, வலிக்கிறது. இந்த நான்கையும் ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் முதல் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார். அழற்சி என்பது இதன் பெயர். வீக்கத்தைக் கண்டதும் "நோய் முத்திவிட்டது" என்கிறோம். தொடக்கத்தில் அது வேலை ஆரம்பித்துவிட்டதன் அறிகுறி.

அடுத்து வருவது நியூட்ரோஃபில். ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் பெரும்பான்மை இதுதான், 40 முதல் 70 சதவீதம். மஜ்ஜை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 10,000 கோடி நியூட்ரோஃபில்களை உற்பத்தி செய்கிறது. முள் குத்திய இடத்துக்கு அருகே ரத்தக்குழாயின் உட்சுவரில் ஒட்டுப் புரதங்கள் முளைக்கும். வேகமாகப் போய்க்கொண்டிருந்த நியூட்ரோஃபில் அதில் பட்டுத் தடுமாறி, சுவரோடு உருளும். பிறகு இறுகப் பிடித்து நிற்கும். பிறகு தட்டையாகி, சுவரின் இரண்டு செல்களுக்கு நடுவில் உள்ள இடுக்கில் நுழைந்து வெளியே வரும். எந்தப் பக்கம் வேதிப்பொருள் அடர்த்தி கூடுகிறதோ அந்தப் பக்கம் ஊர்ந்து போகும். முதல் சில மணி நேரத்துக்குள் கூட்டம் சேரத் தொடங்கி, ஏறக்குறைய ஒரு நாளில் உச்சம் தொடும்.

போய்ச் சேர்ந்ததும் பாக்டீரியாவைச் சுற்றி வளைத்துத் தன் உடலுக்குள் ஒரு பையில் அடைக்கும். அந்தப் பைக்குள் நொதிகளையும் ஹைப்போகுளோரஸ் அமிலத்தையும் விடும். கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டால் தண்ணீரில் கிருமியைக் கொல்வதும் இதே அமிலம்தான். இதைத் தயாரிக்க உதவும் நொதியின் இயற்கை நிறம் பச்சை. நாள்பட்ட சீழும் கெட்டிச் சளியும் பச்சை கலந்து தெரிவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஆகவே சளியின் நிறத்தை மட்டும் வைத்து ஆன்டிபயாடிக் வேண்டும் என்று முடிவு கட்ட முடியாது. சாதாரண வைரஸ் சளியிலும் நியூட்ரோஃபில் வரும், பச்சையாகும்.

நியூட்ரோஃபில் அதிக நாள் வாழாது. வேலை முடிந்ததும் அங்கேயே சாகும். செத்த நியூட்ரோஃபில்கள், செத்ததும் சாகாததுமான பாக்டீரியா, கரைந்த திசு எல்லாம் சேர்ந்ததுதான் சீழ். ஓரிரு நாள் கழித்து ரத்தத்திலிருந்து மோனோசைட் என்ற அணுக்கள் வந்து, திசுவில் மேக்ரோஃபேஜாக மாறி, இந்தக் குப்பையை விழுங்கிச் சுத்தம் செய்யும்.

முள் உள்ளேயே இருந்தால் இந்தச் சுற்று முடிவதில்லை. சீழ் தேங்கினால் உடம்பு அதைச் சுற்றி ஒரு சுவர் எழுப்பும். அதுதான் கட்டி. சுவருக்குள் ரத்த ஓட்டம் இல்லாததால் மாத்திரை சரியாகப் போய்ச் சேராது. பழுத்த கட்டிக்கு ஐந்து நாள் மாத்திரை போட்டும் வற்றவில்லை என்று மருந்தைக் குறை சொல்வதில் பயனில்லை. கீறிச் சீழை வெளியேற்றினால்தான் ஆறும். அதை டாக்டர் செய்ய வேண்டும். வீட்டில் நசுக்கினால் சுவர் உள்பக்கம் உடையலாம். காப்பித்தூள், சாணம், சுண்ணாம்பு அப்புவதெல்லாம் விழுங்கும் அணுக்களுக்குக் கூடுதல் வேலை. ஓடும் தண்ணீரும் சோப்பும் போதும்.

முள்ளை வைத்துத்தான் இந்த விழுங்கும் வேலையே முதலில் புரிந்தது. 1882-ல் இத்தாலியின் மெஸினாவில் இலியா மெச்னிகோவ் என்ற ரஷ்ய விலங்கியலாளர், கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் நட்சத்திர மீன் குஞ்சுகளில் ரோஜா முள்ளைச் செருகி வைத்தார். மறுநாள் பார்த்தபோது முள்ளைச் சுற்றி நகரும் அணுக்கள் மொய்த்திருந்தன. 1908-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கூடவே பகிர்ந்துகொண்டவர் பால் எர்லிச். வெள்ளை அணுக்களுக்குச் சாயம் ஏற்றி வகை பிரித்தவர் அவர். இன்று லேப் சீட்டில் பார்க்கும் டிஃபரன்ஷியல் கவுண்ட் என்ற வகைவாரிக் கணக்குக்கு அடிப்படை அந்தச் சாயம்தான்.

நெறி கட்டுவது ஏன்

காலில் புண் வந்தால் அரையில் நெறி கட்டும். கையில் வந்தால் அக்குளில். தொண்டையில் வந்தால் தாடைக்குக் கீழ். இது எல்லா வீட்டிலும் தெரிந்த விஷயம். ஏன் அங்கே?

இதுவரை சொன்ன அணுக்கள் எல்லாக் கிருமிக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வேலை செய்யும். குறிப்பிட்ட கிருமியை மட்டும் அடையாளம் காணும் அணு வேறு. அதன் பெயர் லிம்போசைட். ஒவ்வொரு லிம்போசைட்டின் மேலும் ஒரு வடிவத்துக்கு மட்டுமே பொருந்தும் ஏற்பி உண்டு. இப்படிக் கோடிக்கணக்கான வடிவங்கள், எந்தக் கிருமியையும் பார்ப்பதற்கு முன்பே, தயாராக இருக்கின்றன. ஆனால் ஒரு குறிப்பிட்ட கிருமிக்குப் பொருந்துபவை மிகச் சிலவே இருக்கும். அந்தச் சிலவற்றைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

அதற்கான இடம் நிணநீர் முடிச்சு. திசுவில் கசியும் நீர் மெல்லிய குழாய்கள் வழியே வடிந்து போகும் பாதையில், அரை, அக்குள், கழுத்து என்று கூட்டம் கூட்டமாக இந்த முடிச்சுகள் இருக்கின்றன. முள் குத்திய இடத்தில் டென்ட்ரிட்டிக் அணு என்ற ஒன்று பாக்டீரியாவின் துண்டைப் பிடித்துக்கொண்டு அந்தக் குழாய் வழியே அரையில் உள்ள முடிச்சுக்குப் போகும். அங்கே வந்து போகும் லிம்போசைட்டுகளுக்கு அதைக் காட்டும். பொருந்தும் ஒன்று கிடைத்ததும் அது பெருகத் தொடங்கும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, நாலைந்து நாளில் ஆயிரக்கணக்கில். முடிச்சு வீங்கித் தொட்டால் வலிக்கிறது. நெறி என்று நாம் தடவிப் பார்ப்பது இந்தப் பெருக்கத்தைத்தான். புண் ஆறிய பின் இரண்டு மூன்று வாரத்தில் வற்றும். வலியே இல்லாமல், கல் மாதிரி கெட்டியாக, மாதக்கணக்கில் வளர்ந்துகொண்டே போகும் நெறி வேறு சங்கதி. அதைக் காட்டித்தான் ஆக வேண்டும்.

லிம்போசைட்டில் இரண்டு முக்கியப் பிரிவுகள். டி அணுக்களில் ஒரு பகுதி வைரஸ் புகுந்த நம் சொந்த செல்களைக் கொல்லும். இன்னொரு பகுதி மற்ற அணுக்களை முடுக்கிவிடும். பி அணுக்கள் ஆன்டிபாடி என்ற புரதத்தைச் சுரக்கும். ஆன்டிபாடி கிருமியின் மேல் ஒட்டிக்கொண்டால் கிருமி செல்லுக்குள் நுழைவது தடைபடும், விழுங்கும் அணுக்களுக்கும் பிடிப்பது சுலபமாகும். முழு வேகத்தில் இருக்கும் ஒரு பி அணு நொடிக்கு ஆயிரக்கணக்கில் ஆன்டிபாடியை வெளிவிடும்.

சுருக்கமாக: விழுங்கும் அணுக்கள் சில மணி நேரத்தில் வரும், ஆள் பார்க்காமல் வேலை செய்யும். லிம்போசைட் வேலையைத் தொடங்க நாலைந்து நாள் பிடிக்கும், ஆனால் குறி தப்பாது.

"காய்ச்சல் எத்தனாவது நாள்?"

டாக்டரும் லேப்காரரும் இதைக் கேட்பது சும்மா அல்ல. மேலே சொன்ன நாள் கணக்குதான் எந்த டெஸ்ட் எடுப்பது என்பதைத் தீர்மானிக்கிறது. டெங்குவில் முதல் ஐந்து நாள் வைரஸின் புரதத்தையே தேடும் என்.எஸ்.1 டெஸ்ட் உதவும். ஐ.ஜி.எம். என்ற ஆன்டிபாடியைத் தேடும் டெஸ்ட் ஐந்தாம் நாளுக்குப் பிறகுதான் நம்பகம். இரண்டாம் நாளே ஐ.ஜி.எம். எடுத்து "இல்லை" என்று வந்தால், உடம்பு இன்னும் அதைத் தயாரிக்கவில்லை என்பது மட்டுமே பொருளாக இருக்கலாம். டைபாய்டுக்கு எடுக்கும் வைடால் டெஸ்ட்டும் முதல் வாரத்தில் நம்பத்தக்கதல்ல.

இடுக்கிப் பக்கம் செள்ளுப்பனி என்றும் இந்தப் பக்கம் உண்ணிக் காய்ச்சல் என்றும் சொல்லும் ஸ்க்ரப் டைபஸிலும் இதே கதைதான். ஆன்டிபாடி எழ ஒரு வாரம் வரை ஆகும். அதனால் அனுபவமுள்ள டாக்டர்கள் சீட்டுக்காகக் காத்திருப்பதில்லை. பூச்சி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். அந்தப் பொருக்கு வலிக்காது. இடுப்பு மடிப்பு, அக்குள், மார்புக்குக் கீழ், தொடை இடுக்கு என்று மறைவான இடங்களில் இருக்கும். தோட்ட வேலைக்குப் போய்வந்து காய்ச்சல் என்றால், கூச்சப்படாமல் வீட்டில் ஒருவரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கிருமி ஒழிந்த பிறகு பெருகிய லிம்போசைட்டுகளில் பெரும்பாலானவை செத்துப்போகும். கொஞ்சம் பல ஆண்டுகள் தங்கும். இவற்றுக்கு நினைவு அணுக்கள் என்று பெயர். அதே கிருமி மறுபடி வந்தால் அவை மிக வேகமாகப் பெருகிவிடும். தடுப்பூசி செய்வது, நோயைக் கொடுக்காமல் இந்த நினைவு அணுக்களை உண்டாக்குவது.

நாய்க்கடியில் இந்த நாள் கணக்கு உயிர் விஷயம். தடுப்பூசி போட்டாலும் ஆன்டிபாடி எழ ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம். அதற்குள் ரேபிஸ் வைரஸ் நரம்பில் ஏறிவிடக் கூடாது. அதனால்தான் ரத்தம் வரும் கடிக்கு, தயாராகச் செய்த ஆன்டிபாடியைக் கடிவாயிலேயே முதல் நாளில் செலுத்துகிறார்கள். முதல் ஊசிக்கு ஏழு நாள் கழித்து அதைப் போடுவதில்லை. அதற்குள் உடம்பே தயாரிக்கத் தொடங்கியிருக்கும். அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் தடுப்பூசிக்கு 0, 3, 7, 28 என்று நாள் குறித்துத் தருவார்கள். எதையும் விடக் கூடாது. அதற்கும் முன்னால், கடிபட்ட உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும்.

சீட்டை வாசிக்க

டோட்டல் கவுண்ட் என்பது மொத்த வெள்ளை அணு. டிஃபரன்ஷியல் கவுண்ட் என்பது அதில் எந்த வகை எத்தனை சதவீதம் என்பது. பெரியவர்களுக்கு லிம்போசைட் 20 முதல் 40, மோனோசைட் 2 முதல் 8, ஈசினோஃபில் 1 முதல் 6, பேசோஃபில் ஒன்றுக்கும் கீழ். மீதி நியூட்ரோஃபில்.

உதாரணத்துக்கு ஒரு சீட்டில் மொத்தம் 16,400, நியூட்ரோஃபில் 84, லிம்போசைட் 12 என்றால், கட்டியோ நிமோனியாவோ மாதிரி பாக்டீரியாத் தொற்றாக இருக்கலாம். இன்னொரு சீட்டில் மொத்தம் 2,800, நியூட்ரோஃபில் 38, லிம்போசைட் 54 என்றால் டெங்கு போன்ற வைரஸாக இருக்கலாம். பாக்டீரியா என்றால் கூடும், வைரஸ் என்றால் குறையும் என்று மனப்பாடம் செய்துகொள்ள ஆசை வரும். ஆனால் டைபாய்டு பாக்டீரியாதான், அதில் மொத்தக் கணக்கு பெரும்பாலும் கூடுவதில்லை, சிலருக்குக் குறையவே செய்யும். ஒரு சீட்டு மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்பவரை நம்பாதீர்கள்.

சதவீதமும் ஏமாற்றும். நியூட்ரோஃபில் 38 சதவீதம் என்பதை 2,800-ஆல் பெருக்கினால் 1,064 வரும். இந்த நேரடி எண்தான் முக்கியம். 1,500-க்குக் கீழ் குறைவு, 500-க்குக் கீழ் ஆபத்து. பச்சைக் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மொத்தக் கணக்கு இயல்பாகவே கூடுதல். நாலைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு லிம்போசைட்தான் அதிகம். பெரியவர்களின் அளவை வைத்துப் பிள்ளையின் சீட்டில் சிவப்புக் குறி விழுந்திருந்தால் பதற வேண்டாம்.

ஈசினோஃபிலியாவை நம் பக்கம் ஒரு நோயாகவே பேசுவார்கள். ஈசினோஃபில் கூடியிருக்கிறது என்பதற்கு மேல் அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை. வெறும் காலோடு ஈர மண்ணில் நடப்பவர்களுக்குத் தோல் வழியே ஏறும் கொக்கிப்புழு, ஆஸ்துமா, ஒவ்வாமை, சில மருந்துகள் என்று காரணம் பல. காரணத்துக்குத்தான் மருந்து.

எண்ணிக்கை கூடி, காவல் குறையும் போது

அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவருக்கு வெள்ளை அணு 15,000-க்கு மேலும் போகும். காரணம், அந்த மருந்து சுவரில் ஒட்டும் தன்மையைக் குறைத்துவிடுகிறது. ஒட்டி நின்றவை ஓட்டத்தில் கலக்கின்றன, மஜ்ஜையிலிருந்தும் கூடுதலாக வருகின்றன. ஆனால் ஒட்ட முடியாத அணு சுவரைத் தாண்டித் திசுவுக்குள் இறங்கவும் முடியாது. ஜீப் நிறைய ஆள், தோட்டத்தில் இறங்க ஆள் இல்லை. கடையில் "காய்ச்சலுக்கு ஒரு செட்" என்று காகிதத்தில் மடித்துத் தரும் பெயர் தெரியாத மாத்திரைகளில் ஸ்டீராய்டு இருந்தால் காய்ச்சலும் வலியும் சட்டென்று இறங்கும். மூளைக்குச் சூட்டைக் கூட்டச் சொல்லும் வேதிப்பொருளை அது அடக்கிவிட்டது, அவ்வளவுதான். உள்ளே கிருமி வளர்ந்துகொண்டிருக்கும்.

ரத்தப் புற்றுநோயில் கணக்கு லட்சத்தைத் தாண்டலாம். பெரும்பாலும் அவை சரியாக முதிராத அணுக்கள், தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்யத் தெரியாதவை. எச்.ஐ.வி.யில் மொத்தக் கணக்கு இயல்பாகவே இருக்கலாம். முடுக்கிவிடும் டி அணு மட்டும் குறைந்துகொண்டே வந்து, மைக்ரோலிட்டருக்கு 200-க்குக் கீழே போகும்போது சாதாரணக் கிருமிகூட உயிரை வாங்கும். காசநோய்க் கிருமியோ இன்னும் தந்திரமானது. மேக்ரோஃபேஜ் விழுங்கிய பிறகும் சாகாமல் அதற்குள்ளேயே குடியிருக்கும். ஆறு மாதம் விடாமல் மருந்து சாப்பிடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் ஊர்களில் அதிகம் பார்ப்பது சர்க்கரை. ரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் கூடுதலாக இருந்தால் நியூட்ரோஃபில் சோர்ந்து ஊர்கிறது, விழுங்குவதும் கொல்வதும் மந்தமாகிறது. காலில் ரத்தக்குழாய் சுருங்கியிருந்தால் அது போய்ச் சேரவே வழியில்லை. நரம்பு மரத்துப்போனால் முள் குத்தியதே தெரியாது. கவுண்ட் 8,000 என்று சீட்டு சொல்லும், கால்விரல் கறுத்துக்கொண்டிருக்கும். சர்க்கரை உள்ளவர் தினமும் ராத்திரி பாதத்தையும் விரல் இடுக்கையும் விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

கவுண்ட்டைக் கூட்டுவதாகச் சொல்லும் டானிக், பொடி, இலைச்சாறு எதையும் இந்தப் பின்னணியில் பாருங்கள். டெங்குவில் இறங்கிய வெள்ளை அணு, காய்ச்சல் தணிந்த சில நாளில் தானாக ஏறிவிடும், எதைக் குடித்தாலும் குடிக்காவிட்டாலும். டெங்குவில் பயப்பட வேண்டியது ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிவது, அதுவும் காய்ச்சல் விடும் நேரத்தில். விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மலத்திலோ ரத்தம், எழ முடியாத அசதி இருந்தால் சீட்டில் என்ன எண் இருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எண்ணே முக்கியமாகிவிடும் ஒரு சந்தர்ப்பம் உண்டு. புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருப்பவருக்கு, பெரும்பாலும் ஊசி போட்டு ஒன்றிரண்டு வாரத்தில், நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே இறங்கலாம். அப்போது சீழ் பிடிக்காது, புண் அவ்வளவாகச் சிவந்து வீங்காது, ஏனென்றால் அங்கே கூட்டம் சேர நியூட்ரோஃபிலே இல்லை. பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் அறிகுறி. 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹீட் தொட்டால் விடியட்டும் என்று இருக்காமல், கடைசி ஊசியின் தேதி எழுதிய சீட்டை எடுத்துக்கொண்டு அந்த ராத்திரியே கிளம்ப வேண்டும்.